இனாஸின் நெற்றி

ஒர்லோய் பங்கில் ஒரு திருநீற்றுப் புதனன்று காலைப் பூசையில் பெனிக்கடை இனாஸின் நெற்றியில் போட்ட சாம்பல் சிலுவை அதற்குப் பிறகு அழியவே இல்லை. அதே வாரம் ஊராக் பாட்டிலுக்குப் பதினைந்து ரூபாய் ஏறியது. முந்திரிப் பழச்சாற்றை முதல் தடவை காய்ச்சி இறக்குகிற சரக்கு அது; மறுபடி காய்ச்சினால் பெனி. தவக்காலமும் முந்திரிக்காலமும் எங்கள் ஆற்றங்கரையில் ஒன்றாகத்தான் வரும். ஆண்டவர் ஏன் அப்படி வைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஊரில் முதலில் பேச்சானது விலைதான். நெற்றியைப் பற்றிய பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகே தொடங்கியது, ஏனென்றால் அதுவரை இனாஸ் தொப்பி போட்டுக்கொண்டிருந்தான்.

சிமாவ் சாமியார் பங்குக்கு வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. முந்தின சாமியாரின் பிரசங்கம் என்றால் நிம்மதியாகக் கண்ணயரலாம். இவர் பீடத்தைவிட்டு இறங்கி வந்து பெஞ்சுகளுக்கு நடுவில் நின்று ஆளைப் பார்த்துப் பேசுகிறவர். அன்றைக்கு, “கோயிலுக்குள்ள முழங்கால் போடுறீங்க, சரி. வாசப்படி தாண்டுனதும் நீங்க யாருன்னு எவனுக்காவது தெரியுமா?” என்று கேட்டார். “எந்தப் பங்குக்குப் போனாலும் பாக்குறேன். சாம்பலை வாங்குன கையோட கைக்குட்டையை எடுத்துருவீங்க. பேங்குல சிரிப்பாங்க, படகுல ஒரு மாதிரி பாப்பாங்கன்னு பயம். விளக்கைக் கொளுத்தி மரக்காலுக்கு அடியில வைக்கிற கூட்டம். இன்னைக்கு ஒருத்தரும் தொடைக்கக் கூடாது. அப்படியே கடைக்குப் போங்க, ஆபீஸுக்குப் போங்க. உங்க நெத்தி பேசட்டும்” என்றார். ஜனங்கள் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு வெளியே வந்து, கல்லறைத் தோட்டத்துச் சுவர் மறைவில் போய் வரிசையாக நின்று துடைத்தார்கள். வழக்கம்போல் இனாஸ்தான் முதல் ஆள். துடைத்துவிட்டுக் கைக்குட்டையைப் பார்த்தான். அது வெள்ளையாகவே இருந்தது.

வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டான். அவன் பெண்டாட்டி கித்தேரி பானை தேய்க்கிற தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தாள். எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள், பிறகு கடையில் இருந்ததிலேயே காட்டமான பெனியை ஊற்றித் தேய்த்தார்கள். தோல் உரிந்து புண்ணாகி, ஆறி, புதுத் தோல் வந்தது. அதிலும் சிலுவை இருந்தது. அக்கரை நகரத்து டாக்டர் படர்தாமரைக்கு எழுதுகிற களிம்பையே எழுதிக்கொடுத்தார். சாம்பலில் விசேஷம் ஒன்றும் கிடையாது. முந்தின வருஷத்துக் குருத்தோலையை வீட்டுக்கு வீடு எடுத்துவைத்துக் கோயிலில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அதை எரித்துத்தான் சாம்பல் செய்வார்கள். அந்த வருஷம் எல்லாரும் மறந்துபோனார்கள்; கொண்டுவந்தவள் இனாஸ் கடைக்குப் பின்னால் இருந்த ஜாக்கின் ஒருத்திதான். ஆக, பங்கு முழுக்கப் பூசிக்கொண்டது அவள் வீட்டு ஓலையை. மற்றவர்களுக்கு அழிந்தது இவனுக்கு மட்டும் ஏன் அழியவில்லை என்று இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

சாமியாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பவனி என்றால் இனாஸை முன்னால் நிறுத்தினார், பக்கத்துப் பங்குகளுக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கடைக்கு வருகிறவர்கள் பாடுதான் திண்டாட்டமாயிற்று. தவக்காலத்தில் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டு சாயங்காலமானால் எட்டிப்பார்க்கிற பழக்கமுள்ளவர்கள், அந்த நெற்றிக்கு முன்னால் கிளாஸைத் தூக்க முடியாமல் தவித்தார்கள். “ஊத்திட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கடா இனாஸ், ஆண்டவரே நின்னு அளந்து ஊத்துறாப்ல இருக்கு” என்று கெஞ்சிப் பார்த்தார்கள். கடைசியில் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து குடித்தார்கள். அந்தக் கடையில் இன்றும் பெஞ்சுகள் அப்படித்தான் கிடக்கின்றன. அக்கரையில் மளிகைக்கடை வைத்திருந்த போர்க்கர், இனாஸ் கொண்டுபோகும் முந்திரிக்கொட்டைக்கு அவன் சொல்கிற எடையை மறு எடை போடாமல் ஒப்புக்கொண்டார். படகில் கூட்டம் எவ்வளவு இருந்தாலும் எழுந்து இடம் கொடுத்தார்கள். சாமியை நெற்றியில் சுமந்துகொண்டு அலைகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று இந்துக்கள், கிறிஸ்தவர்கள், ஆற்றில் மணல் அள்ள வந்த வெளியூர்க்காரர்கள் எல்லாருமே முடிவுகட்டினார்கள். அடுத்த வருஷத் திருநீற்றுப் புதனன்று ஜனங்கள் கல்லறைச் சுவருக்குக்கூடப் போகவில்லை, வாசலிலேயே துடைத்தார்கள். சாமியார் முறைத்தபோது, “நம்ம பங்குக்குத்தான் இனாஸ் இருக்கானே சாமி” என்றார்கள்.

இனாஸ் கெட்டவன் இல்லை. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டிப் பிழைக்கிற ஆள், அவ்வளவுதான். கடையில் இரண்டு பேர் சண்டை போட்டால் இரண்டு பேரும் சொல்வது சரி என்பான். அவன் அம்மா பாட்காரின் பெரிய வீட்டில் சமையல்காரி. பாட்கார் என்றால் எங்கள் பக்கத்தில் தோப்பும் வயலும் வைத்திருக்கிற பெரிய குடும்பத்து ஆள். அவர் வீட்டில் அடுப்பு அணைய இரவாகிவிடும் என்பதால் இனாஸ் வளர்ந்தது ஜாக்கின் வீட்டில். ஜாக்கின் அவனைவிடப் பத்து வயது மூத்தவள். மத்தி மீனை வினிகரில் ஊறவைத்து ஜாடி ஜாடியாக விற்ற அந்த வீட்டில் அவனுக்கென்று ஒரு தட்டு இருந்தது. வருஷா வருஷம் ஊர்த் திருவிழா அன்று ஜாக்கினின் அம்மா அவனை வாசல் நிலையில் முதுகைச் சாய்த்து நிற்கவைத்து, அடுப்புக்கரியால் தலைக்கு மேல் ஒரு கோடு இழுப்பாள். அவள் செத்த பிறகு ஜாக்கின் இழுத்தாள். மீசை அரும்பி, வெட்கப்பட்டு, இனி நிற்க மாட்டேன் என்று அவன் ஓடிய வருஷம்வரை கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன.

லெயாந்த்ரோ பாட்கார் தோப்பை வடக்கிலிருந்து வந்த ஹோட்டல்காரர் ஒருவருக்கு விற்க முடிவுசெய்தபோது, நட்ட நடுவில் ஜாக்கினின் வீடு இருந்தது. மண் பாட்காருடையது, வீடு அவளுடைய பாட்டன் கட்டியது. தலைமுறையாக அப்படி இருந்துவருகிறவரைக் கிளப்ப முடியாது என்று எங்கள் ஊரில் சட்டம் உண்டு. ஆனால் இருந்துவருகிறார் என்று அக்கம்பக்கத்தார் அக்கரைத் தாலுகா அதிகாரியான மாம்லேதார் முன்னால் வந்து சொல்ல வேண்டும். பாட்காரோ, அவளைத் தேங்காய்க்குக் காவலாக நேற்றுத்தான் வைத்தேன் என்றார். ஊரில் பலருக்குத் திடீரென்று வயிற்றுவலி, பம்பாயில் சாவு, மகன் வீட்டுக் கல்யாணம் என்று வந்துவிட்டது. ஜாக்கின் அதற்கெல்லாம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கடையின் பின்வாசல் வழியாக வந்து இனாஸிடம், “எனக்காக நீ ஒண்ணும் கூட்டிச் சொல்ல வேணாம். பொறந்ததுலேருந்து இங்கதான் இருக்கான்னு சொன்னா போதும். உன் நெத்தியைப் பாத்தாலே அவங்க நம்பிருவாங்க” என்றாள். “இதுல என்னக்கா இருக்கு, சொல்றேன்” என்றான் இனாஸ். சொல்லத்தான் நினைத்திருந்தான். அதில் பொய் இல்லை.

பாட்கார் மிரட்டவில்லை. ஒருநாள் சாயங்காலம் கடைக்கு வந்து, சுவரைப் பார்த்துப் போட்டிருந்த பெஞ்சுகளைக் கண்டு சிரித்து, கூரையை அண்ணாந்து பார்த்தார். “ஒழுகுதாமே இனாஸ். மழைக்கு முன்னாடி மாத்திரலாம். இந்தக் கடை நிக்கிற மண்ணும் என்னோடதுதான்ல? அது மட்டும் விக்கிறதுல சேராம பாத்துக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் கித்தேரி ஆரம்பித்தாள். “நீ பாட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துருவ. அப்புறம் நாம எங்க போறது? ஆத்துமேல கடை போடவா?” “அக்காகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்டி.” “எனக்கும்தான் குடுத்த. கோயில்ல வெச்சு.” இனாஸ் சாமியாரிடம் ஓடினான். கோயில் முகப்பில் சாரம் கட்டிச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். வேலை பாட்காரின் உபயம். சாமியார் வெகுநேரம் சாரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சட்ட விஷயத்துல நான் தலையிடறது நல்லாருக்காது இனாஸ். நீ உன் மனசாட்சிப்படி செய்” என்றார். மரக்காலைப் பற்றி அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மாம்லேதார் இந்து, நேர்மையான மனுஷன் என்று பெயரெடுத்தவர். இனாஸ் உள்ளே வந்ததும் அவர் பார்வை நெற்றிக்குத்தான் போனது. கேள்விப்பட்டிருக்கிறேன் என்று சொல்லி ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். பாட்கார் நின்றார், ஜாக்கின் நின்றாள், இனாஸ் மட்டும் உட்கார்ந்தான். இந்த அம்மா அங்கே எவ்வளவு நாளாக இருக்கிறார் என்று கேட்டார். “நான் கடை வெச்சதுலேருந்து பாக்குறேன் சார்” என்றான் இனாஸ். “அதுக்கு முன்னாடி?” இனாஸ் மேஜையில் இருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்தான். “சரியா சொல்ல முடியல சார்.” ஜாக்கினுக்கு அவன் விளையாடுகிறான் என்றுதான் முதலில் தோன்றியது. “டேய், நெலையில நிக்க வெச்சு எங்கம்மா கோடு போட்டாளேடா” என்றாள், லேசாகச் சிரித்தபடியே. மாம்லேதார் இனாஸைப் பார்த்தார். “அப்படியா? அந்தக் கோடு உங்களோடதா?” “சின்ன வயசு சார். ஞாபகம் இல்ல.” ஜாக்கினின் முகத்தில் சிரிப்பு அணைந்ததை அவன் பார்க்கவில்லை, செம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மாம்லேதார் பெருமூச்சு விட்டு அவளிடம் சொன்னார்: “வேற யாராவது இப்படிச் சொல்லியிருந்தா நானே நேர்ல வந்து அந்த நிலையைப் பாத்திருப்பேம்மா. இந்த நெத்தியை வெச்சுக்கிட்டு ஒருத்தர் பொய் சொல்றார்னு என்னால நினைக்க முடியல.” திரும்பி வந்த படகில் ஜாக்கின் முன்முனையில் தண்ணீரைப் பார்த்து நின்றாள். பின்னால் யாரோ எழுந்து இனாஸுக்கு இடம் கொடுத்தார்கள். அவன் உட்கார்ந்துகொண்டான்.

மழை ஓய்ந்ததும் வீட்டை இடித்தார்கள். ஜாடிகளைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, ஜாக்கின் அந்த நிலையின் ஒரு கட்டையை மட்டும் கேட்டு வாங்கினாள். ஆள் உயரத்துக்கு மேல் இருந்த பலாமரக் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் படகில் ஏறியதை ஊர் முழுக்கப் பார்த்தது. அக்கரையில் படகுத்துறைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். இனாஸ் ஒருமுறை போய்க் கடையின் பின்னறையில் வந்து இருக்கச் சொன்னான். “உன் நெத்தியைப் பாத்துக்கிட்டு எனக்குச் சோறு இறங்காது, போ” என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

இனாஸ் ஒவ்வொரு காலையும் கண்ணாடி பார்த்தான். இனி அது போய்விடும் என்று அவனுக்கு நிச்சயம் இருந்தது. போனால் ஊருக்குத் தெரியும், காறித் துப்புவார்கள், துப்பட்டும் என்று காத்திருந்தான். சிலுவை கறுக்கவும் இல்லை, வெளுக்கவும் இல்லை. அவனால் தாங்க முடியாமல்போனது அதுதான். கடைசியில் பாவசங்கீர்த்தனக் கூண்டில் போய் முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொன்னான். வலைக்கு அந்தப் பக்கமிருந்து சிமாவ் சாமியார், “பொதுவுல சொன்ன பொய்யைப் பொதுவுலதான் திருப்பி எடுக்கணும். நானும் எந்திரிச்சு நிக்கிறேன், நானும் நிக்க வேண்டியவன்தான்” என்றார்.

தாலுகா அலுவலகத்துக்குப் போனால் அந்த மாம்லேதார் மாற்றலாகியிருந்தார். புதியவர் நெற்றியைக் கண்டதும் எழுந்து நின்று டீ வாங்கிக் கொடுத்து, முடிந்துபோன வழக்கு என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார். மிச்சமிருந்தது கோயில். சிமாவ் சாமியாருக்கும் அதற்குள் வேறு பங்குக்கு மாற்றல் வந்துவிட்டது. அவருடைய கடைசி ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இனாஸ் எழுந்து நின்று, ஜாக்கின் அங்கேயே பிறந்தவள், எனக்குத் தெரியும், கடைக்காகப் பொய் சொன்னேன் என்றான். அவன் குரல் நன்றாகவே கேட்டது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பாட்கார் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். “பாத்தீங்களா, அந்தக் கிழவி மேல இரக்கப்பட்டுப் பழியைத் தன்மேல போட்டுக்கிறான். சிலுவை சும்மாவா நிக்கும்?” ஜனங்கள் ஆமென் சொன்னார்கள். “இல்ல, அவன் சொல்றது நெசம், எனக்கும் தெரியும், நானும் பேசாம இருந்துட்டேன்” என்று சாமியார் பீடத்திலிருந்து சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. பிரிகிற துக்கம் என்று எடுத்துக்கொண்டு, அவருக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

அதன்பிறகு இனாஸ் கடையில் சொன்னான், படகில் சொன்னான், கல்யாண வீடுகளில் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் புண்ணியவான் என்ற பெயர்தான் வளர்ந்தது. புண்ணியவான்கள் தங்களைப் பாவி என்றுதானே சொல்வார்கள்! பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜாக்கினின் அடுப்பு இருந்த இடத்தில் ஹோட்டல்காரர் நீச்சல் குளம் வெட்டினார். கடைக்குப் புதுக் கூரை வந்தது, வேண்டாம் என்று சொல்ல இனாஸுக்கு வாய் வரவில்லை. ஊராக் நூறைத் தாண்டியது, இருநூற்றைத் தொட்டது. பாட்கார் செத்தார், கித்தேரி செத்தாள். ஆற்றுக்குப் பாலம் வந்து படகு நின்றது. திருநீற்றுப் புதன்தோறும் அவன் வரிசையில் போய் நிற்பான். புதிதாக வருகிற சாமியார்கள், “உனக்கு எதுக்குப்பா, இருக்குல்ல” என்று அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். பங்கிலேயே சாம்பல் கிடைக்காத ஆள் அவன் ஒருவன்தான்.

ஊர்த் திருவிழாவன்று மட்டும் அவன் அக்கரைக்குப் போவான். தேங்காய் போட்ட அரிசிப் பணியாரத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஜாக்கினின் அறை வாசலில் நிற்பான். ஜன்னல் வழியாக ஒரு கை வந்து பொட்டலத்தை வாங்கிக்கொள்ளும். கதவு திறக்காது, பேச்சும் கிடையாது. அந்தக் கை வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே வந்தது. பாலம் திறந்த பிறகு வந்த ஒரு திருவிழாவில், இனாஸ் வாசலுக்கு வந்தபோது கதவு திறந்தே இருந்தது.

ஜாக்கின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பலாக்கட்டை சுவரோடு சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தது. கரிக்கோடுகள் தொடை உயரத்தில் தொடங்கி ஒழுங்காக மேலே ஏறின. “செருப்பைக் கழட்டிட்டு வந்து நில்லு” என்றாள். எங்கே என்று அவன் கேட்கவில்லை. முதுகைக் கட்டையில் சாய்த்துக் குதிகாலை ஒட்டி நின்றான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பார்த்தாள்.

“குள்ளமாயிட்டடா.”

“வயசாச்சுக்கா.”

“நிமிந்து நில்லு. திருட்டு முழி முழிக்காத.”

கரியைத் தேடினாள். கேஸ் அடுப்பு வந்து வெகுநாளாகியிருந்ததால் அறையில் கரி இல்லை. சற்று யோசித்துவிட்டு, வலது கைப் பெருவிரலை அவன் நெற்றியில் வைத்து இழுத்தாள். சோப்புக்கும் நாருக்கும் பெனிக்கும் வராதது, சிம்னியிலிருந்து புகைக்கரி வருவதுபோல் அவள் விரலில் வந்தது. அதைக்கொண்டு அவன் தலைக்கு மேல் கட்டையில் ஒரு கோடு போட்டாள். மீசை அரும்பிய வருஷத்துக் கோட்டுக்கு அது ஒரு விரல்கடை கீழே இருந்தது.

“இது யார் கோடு?” என்று கேட்டாள்.

“என்னோடது.”

“யார் வீட்டு நிலை?”

“உன் வீட்டுதுக்கா.”

“எவ்வளவு நாளா?”

“நீ பொறந்ததுலேருந்து. உங்கம்மா பொறந்ததுலேருந்து.”

வெளியே பாலத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அறையில் கேட்பதற்கு வேறு யாரும் இல்லை. ஜாக்கின் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி கட்டிலில் உட்கார்ந்தாள். “அவ்வளவுதான்டா” என்றாள். “இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆச்சு, பாரு.” இனாஸ் அழுதான். அவள் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பணியாரத்தை அவனிடம் நீட்டினாள், அவன் வாங்கித் தின்றான்.

பஸ்ஸில் திரும்பும்போது அவன் நெற்றியைப் பார்த்துவிட்டு ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். இனாஸ் வேண்டாம் என்று சொல்லி, கம்பியைப் பிடித்தபடி ஒர்லோய் வரைக்கும் நின்றுகொண்டே வந்தான். சிலுவை அப்படியேதான் இருந்தது.